பரீட்சைக்குப் போன வயிறு

தூத்துக்குடியிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போனவர்கள் உண்டு. பாதியில் திரும்பி வந்து அப்பாவின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தவர்களும் உண்டு. ஒரு வரி படிக்காமல் வருஷத்துக்கு இரண்டு தடவை மருத்துவக் கல்லூரிப் பரீட்சைக்குப் போய் வந்தவர் இசக்கியப்பன் ஒருவர்தான். அவர் அங்கே எதுவும் எழுதமாட்டார். கட்டிலில் படுத்திருப்பார். அவரைத் தொட்டுப் பார்த்து மற்றவர்கள் பாஸாவார்கள், அல்லது ஃபெயிலாவார்கள்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே பாஸானவர்கள் இன்றைக்கு உலகமெங்கும் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரிடம் நாம் போய்ப் படுக்க நேருமோ, சொல்வதற்கில்லை.

இசக்கியப்பனுக்குக் கொற்கைப் பக்கம் வயல்காட்டு ஊர். உடம்பை நம்பித் தூத்துக்குடிக்கு வந்து, பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு உப்பு மூட்டை ஏற்றினார். மூட்டை தூக்குகிறவர்கள் வயிற்றைச் சுற்றி ஈரத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வது அங்கே வழக்கம். இசக்கியப்பன் கட்டமாட்டார். "துண்டு கெட்டுதது தொந்தி வச்சவனுக்குலே. நமக்கு என்னத்துக்கு?" என்பார். ஒருநாள் மூட்டையோடு பலகையில் ஏறும்போது, வலது தொடை மடிப்புக்கு மேலே ஏதோ நழுவியது. இறங்கிப் பார்த்தால் அங்கே ஒரு வீக்கம். நின்று இருமினால் எலுமிச்சம்பழம் போல வெளியே வரும். மல்லாந்து படுத்து அமுக்கினால் களக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடும். முதலாளி அவரை மூட்டையிலிருந்து எடுத்து, உப்பு அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குக் காவலாகப் போட்டார்.

வீக்கத்தை ஊரார் குடலிறக்கம் என்றார்கள். சரி பண்ணிக்கொண்டு வரத்தான் அவர் முதன்முதலில் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பேராசிரியர் அவரை இருமச் சொன்னார், படுக்கச் சொன்னார், மறுபடி இருமச் சொன்னார். பிறகு உதவியாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் முகத்தில், சந்தையில் நல்ல மாடு கண்டவர்களின் ஒளி. படம் போட்ட புத்தகத்தில் எப்படி வீங்குமோ அப்படியே வீங்கி, எப்படி உள்ளே போகுமோ அப்படியே போகிற ஹெர்னியா லேசில் கிடைப்பதில்லையாம்.

"ஆபரேஷனுக்கு இப்ப ஒண்ணும் அவசரமில்லை. ஏப்ரல்ல வாங்க" என்றார் பேராசிரியர்.

ஏப்ரலில் போனார். பரீட்சை வார்டில் ஜன்னலோரக் கட்டில், வெளுத்த விரிப்பு, பாலும் ரொட்டியும். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர்கள் கோட்டுப் போட்டு அவர் முன்னால் நின்றார்கள். தூத்துக்குடியில் கணக்குப்பிள்ளைகூட நின்று பேசாத மனிதரிடம், பெரிய பெரிய டாக்டர்கள் "கொஞ்சம் இருமுங்க, ஐயா" என்று கேட்டார்கள். அவர் இருமினார். அந்த இருமலோடு அவருடைய ஆபரேஷன் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அக்டோபரில் அடுத்த ஏப்ரலுக்கு. அதற்குப் பிறகு ஆபரேஷன் என்ற பேச்சைப் பேராசிரியரும் எடுக்கவில்லை, இசக்கியப்பனும் எடுக்கவில்லை. இரண்டு தரப்புக்கும் வசதியாக இருந்தது.

அவருடைய மனைவி ஆறுமுகத்தாய்க்கு மட்டும் வசதியாக இல்லை.

"வயித்துல ஓட்டைய வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போயி காட்டிட்டு வாரீக. வெக்கமா இல்லியா? அறுத்துத் தச்சுத் தொலையச் சொல்லுங்க" என்பாள்.

"ஏளா, உனக்கு என்ன தெரியும்? நான் போகலைன்னா பரீட்சையே நடக்காது."

"ஆமா. கலெக்டரு வந்து கூப்பிட்டுட்டுப் போறாரு."

பரீட்சை முடிந்து வந்தால், கிட்டங்கிக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் இசக்கியப்பனின் வகுப்பு நடக்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கேட்க ஆளில்லாவிட்டாலும் தோணிக்காரன் ரோச் இருப்பான். உப்பு ஏறும்வரை அவனுக்கும் வேறு வேலை கிடையாது.

"ஏலே ரோச்சு, வயிறுன்னா என்னன்னு நெனச்ச? சோத்துப் பானைன்னா? ஏழு சுவருலே. முதல்ல தோலு. அதுக்குக் கீழ கொழுப்பு. உனக்கு அதுவே ரெண்டு சுவரு கனம் இருக்கும். அப்புறம் மூணு சதை, ஒண்ணு மேல ஒண்ணு. அதுக்கு உள்ள ஒரு திரை. திரைக்கு உள்ள சவ்வு. அதுக்குள்ளதாம்லே குடலு கெடக்கு."

"மூணு சதை என்னத்துக்கு அண்ணாச்சி? கனமா ஒண்ணு போட்டாப் போதாதா?"

"மூணும் மூணு திசையில ஓடுதுலே. ஒண்ணு சாய்ஞ்சு இப்படி, அடுத்தது எதிர்ச்சாய்ப்பா அப்படி, மூணாவது பெல்ட்டு போட்ட மாதிரி குறுக்க. எல்லாம் ஒரே பக்கமா ஓடுனா, இழுத்த இழுப்புல பிரிஞ்சு போயிரும்."

"அவ்வளவு கெட்டியா நெய்ஞ்ச சாக்கு உமக்கு மட்டும் ஏன் பிரிஞ்சுது?"

இதற்கும் அவரிடம் பதில் உண்டு. ஆண்பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போது, விதை முதலில் உள்ளேதான் இருக்கிறது. பிறக்கும் முன்னால் அது சுவர்களைத் துளைத்துக்கொண்டு சாய்வான ஒரு பாதை வழியாகக் கீழே இறங்குகிறது. சிலருக்கு அந்தப் பாதை சரியாக அடைபடுவதில்லை. பாரம் தூக்கும்போதோ முக்கும்போதோ குடல் அதே பாதையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. இது பேராசிரியர் சொன்னது. இசக்கியப்பன் அதைச் சொல்லும்போது, அந்தப் பாதையைத் தானே வெட்டியது போலச் சொல்வார்.

"மேல் சதை எந்தத் திசையில ஓடுதுன்னு பரீட்சையில கேப்பான். பேன்ட்டு பாக்கெட்டுக்குள்ள கையை விடுவோம்லா, அந்தத் திசைன்னு சொல்லணும். வெளியேருந்து உள்ள, மேலேருந்து கீழ."

"நான் சாரம்லா கெட்டிருக்கேன். பாக்கெட்டே கெடையாது. அப்ப எனக்கு அந்தச் சதை இல்லியா?"

"உனக்கு மூளையே இல்லை, சதையைப் பத்தி எதுக்குக் கேக்க?"

"முத்துக் குளிக்கவன்கூட அடி வரைக்கும் இறங்கிட்டு மேல வந்துருவான். உம்ம குடலு ஒருநாள் இறங்குன இடத்துலயே குடும்பம் நடத்தப் போகுது, பாரும்" என்றான் ரோச். கடை சிரித்தது. இசக்கியப்பன் சிரிக்கவில்லை. வாத்தியார்கள் பாடத்தின் நடுவில் சிரிப்பதில்லை.

தொப்புளுக்குக் கீழே நடுத்தசைக்குப் பின்பக்க உறை பாதியில் நின்றுவிடுகிறது என்பதையும் அவர் கேட்டு வைத்திருந்தார். "முன்னால பளபளன்னு சுவரு, பின்னால ஒண்ணுமே கெடையாது. காண்ட்ராக்டரு கெட்டுன கட்டடம்" என்பார். இது அவருடைய சொந்தச் சரக்கு.

சரக்கைக் கடையோடு நிறுத்தியிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. புதுத் துறைமுகம் திறந்த வருஷத்துப் பரீட்சையில், அவர் கட்டிலுக்கு சுந்தர்சிங் என்று ஒரு பையன் வந்தான். (பாஸாகும்வரை அவன், பாஸானால் அவர். எங்கள் பக்கத்து மரியாதை அது.) பனைக்காட்டு ஊர்க்காரன். சர்ஜரியில் ஏற்கெனவே தவறி மறுபடி வந்திருந்தான். வீட்டு வாசலில் 'டாக்டர்' என்று பெயர்ப்பலகை மாட்டி, அது கண்ணில் படாமல் சாக்கால் மூடி வைத்திருந்தார் அவனுடைய அப்பா. ஒவ்வொரு முறை அவன் ஃபெயிலாகும்போதும் சாக்கை மட்டும் மாற்றினார்கள். பையன் கட்டில் பக்கத்தில் நின்று நடுங்கினான். இருமச் சொல்ல வேண்டியவன் தானே இருமினான்.

இசக்கியப்பனுக்கு மனம் இளகியது. பெருமையும் உள்ளே ஊறியது.

"தம்பி, பயப்படாதீங்க" என்றார் மெதுவாக. "இது வலது பக்கம். உள்ள போயிரும். உள்ள தள்ளிட்டு, இந்தா, இந்த இடத்துல பெருவிரலை வச்சு அமுக்கிட்டு இருமச் சொல்லுங்க. வெளிய வராது. வரலைன்னா என்ன சொல்லணும்?"

"என்ன சொல்லணும்?"

"இன்டைரக்ட்னு சொல்லணும். அப்புறம் ரத்தக்குழாயைக் கேப்பான். அது எங்க இருக்கு, குடலு வந்த வாசல் எங்க இருக்குன்னு. வாசல் ரத்தக்குழாய்க்கு ஜன்னல் பக்கம். உள்ள இறுக்கிக்கிட்டா எந்தப் பக்கமா வெட்டி விடணும்னு கேப்பான். ஜன்னல் பக்கமாத்தான் வெட்டணும். அந்தப் பக்கம் வெட்டுனா குழாய் அறுந்து ரத்தம் கொட்டிரும். ஜன்னலை மட்டும் மறந்துராதீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஜன்னல் அவருக்கு வலது கைப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு பரீட்சைக்கும் வெளிச்சத்துக்காக அதே கட்டிலைத்தான் கொடுத்தார்கள். பேராசிரியர் 'வெளிப்பக்கம்' என்று சொல்லும்போதெல்லாம் அவர் கை ஜன்னலை நோக்கிப் போகும். இசக்கியப்பன் கையைப் பார்த்துப் படித்தவர்.

பையன் ஜன்னலைப் பார்த்து மனப்பாடம் செய்தான். பரீட்சகர் கேட்டபோது கண்ணை அதன்மேல் வைத்துக்கொண்டு, தடங்கலில்லாமல் பதில் சொன்னான். பாஸ். சாயங்காலம் வார்டுக்கு ஓடிவந்து இசக்கியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, உங்களை உயிருள்ளவரை மறக்கமாட்டேன்" என்றார் டாக்டர் சுந்தர்சிங்.

மறக்கவில்லை. பின்னால் வந்த வினையே அதுதான்.

காப்பிக் கடையில் இசக்கியப்பன் ஒரு படி உயர்ந்தார். "என் கையில பாஸான டாக்டரு" என்று பேச ஆரம்பித்தார். அவர் கையில் இன்னும் சிலரும் பாஸானார்கள். பரீட்சை வரும் மாதங்களில் அவருக்கு நடையே மாறிவிடும். 'உம்ம பேராசிரியரு உம்மள எப்பம் பென்ஷன்ல அனுப்புதாரு?' என்று ரோச் கேட்டால், பதில் சொல்வது தகுதிக் குறைவு என்பது போல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

அப்படியிருந்தவருக்கு ஒரு அக்டோபரில் அடி விழுந்தது. பரீட்சகர் ஒருவர் அவருடைய வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, "சின்னதா இருக்கே" என்று முகம் சுளித்தார். வார்டு சிப்பந்தி இன்னொரு செய்தியும் சொன்னான்: சாகுபுரம் பக்கத்திலிருந்து ஒரு புது ஆள் வந்திருக்கிறானாம். வாலிபன். இரண்டு பக்கமும் ஹெர்னியா. பேராசிரியர் அவனைப் பார்த்துச் சிரித்தாராம்.

ஊருக்குத் திரும்பிய இசக்கியப்பன் சோறு இறங்காமல் இருந்தார். "ரெண்டு பக்கமும் வச்சிருக்கானாம்ளா" என்று மனைவியிடம் சொன்னார். அடுத்த வீட்டுக்காரன் இரண்டு மாடி கட்டிவிட்டான் என்று சொல்கிற குரல்.

அடுத்த ஏப்ரல் பரீட்சைக்குப் புறப்படும் நாள். விடிந்ததும் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகும் வழியில் கிட்டங்கிக்குள் நுழைந்தார். நல்லதாக ஒரு உப்பு மூட்டையைத் தேர்ந்தெடுத்தார். இடுப்பில் துண்டு கட்டவில்லை. பரீட்சகர் சின்னதென்று சொன்ன பொருளை ஒரு சுற்றுப் பெரிதாக்கிக் கொண்டுபோகலாம் என்பது அவருடைய எண்ணம். மூச்சைப் பிடித்து மூட்டையைத் தோளுக்கு ஏற்றினார். வீக்கம் வந்தது. அவர் எதிர்பார்த்ததற்கு மேலேயே வந்தது. மூட்டையைப் போட்டுவிட்டு, உப்புக்குவியலின் மேலேயே மல்லாந்து அமுக்கிப் பார்த்தார். களக்கென்ற சத்தம் கேட்கவில்லை. இன்னும் அமுக்கினார். கல் போலிருந்தது. வலி தொப்புளைச் சுற்றிக்கொண்டு ஏறியது.

ரோச் உப்பு ஏற்ற வந்தபோது, காப்பிக் கடைப் பேராசிரியர் சுருண்டு கிடந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

"மாதாவே! என்ன அண்ணாச்சி, பரீட்சை இங்கனயே ஆரம்பிச்சிட்டா?" என்றவன், அவர் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டான். அவரைத் தூக்கி உப்பு லாரியில் போட்டான். வழியில் ஆறுமுகத்தாயையும் ஏற்றிக்கொண்டார்கள்.

"அங்கன பரீட்சைக்கே போயிருவோம். பேராசிரியரு இருக்காரு" என்று முனகினார் இசக்கியப்பன்.

"குடலு செத்துப் போச்சுன்னா பேராசிரியரு மாலையோடதான் வருவாரு" என்றாள் ஆறுமுகத்தாய். "ஏ ரோச்சு, பக்கத்துல எது இருக்கோ அங்கன நிறுத்தச் சொல்லு."

பக்கத்தில் இருந்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் பெரிய டாக்டர் ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை மாலைபோல் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தவர் உதவி டாக்டர்.

"அண்ணாச்சி! நீங்களா!" என்றார் டாக்டர் சுந்தர்சிங்.

இசக்கியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனிதருக்கு என்ன தெரியும் என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும்.

"வேற டாக்டரு இல்லியா?" என்று கேட்டார்.

"ஏன், நீங்க பாஸ் போட்ட டாக்டருதானே?" என்றாள் ஆறுமுகத்தாய். "ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீகளே. இப்பப் படுங்க."

டாக்டர் தொட்டுப் பார்த்தார். கை நடுங்கவில்லை, அது இசக்கியப்பனுக்குச் சற்று ஆறுதல். குடலை வாசல் நெரித்துக்கொண்டிருக்கிறது, ரத்த ஓட்டம் நின்றால் அழுகிவிடும், இன்று மத்தியானத்துக்குள் திறந்தாக வேண்டும் என்று சொன்னார். பெரிய டாக்டருக்கு டிரங்க் கால் போட்டார்கள். கிடைக்கவில்லை. கல்லூரி ஆஸ்பத்திரி வரைக்கும் லாரியில் குலுக்கிக்கொண்டு போனால், போய்ச் சேருவது பாதி மனிதர்தான் என்றார் நர்ஸ் ஜெயசெல்வி.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது இசக்கியப்பன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? தோலு, கொழுப்பு. அதுக்கு அடுத்து?"

"எக்ஸ்டர்னல் ஆப்லிக், அண்ணாச்சி. பேன்ட் பாக்கெட் திசை."

"அடுத்து?"

"இன்டர்னல் ஆப்லிக். அதுக்கு எதிர்ச்சாய்ப்பு. அப்புறம் குறுக்குத் தசை, திரை, சவ்வு." டாக்டர் முகத்தில் பாஸான களை. "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

இசக்கியப்பனுக்கு அழுகை வந்தது. ஏழு சுவரின் பெயரும் இருவருக்கும் தெரியும். ஒரு சுவரைக்கூட இருவரும் சரியாகப் பார்த்ததில்லை. அவர் படுத்திருந்தார், இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே கால் யாருடையதோ போல ஆனது. தலைக்கு மட்டும் ஊசி கிடையாது. மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். மறைப்புக்கு அந்தப் பக்கம் கத்தரியின் சத்தமும் டாக்டரின் முணுமுணுப்பும் கேட்டன. "தோல்... கொழுப்பு... இந்தா, பளபளன்னு இருக்கே, இதான் வெளித்தசையோட பட்டை." குரலில் ஒரு ஆச்சரியம். புத்தகத்தில் போட்டிருப்பது மனிதனுக்குள் நிஜமாகவே இருக்கிறது என்று கண்டுகொண்டவரின் ஆச்சரியம்.

பையைத் திறந்தார்கள். "கறுத்திருக்கு, டாக்டர்" என்றார் ஜெயசெல்வி.

"வாசல்தான் நெரிக்குது. வெட்டி விட்டாத்தான் ரத்தம் போகும்." கத்தி தட்டில் உரசுகிற சத்தம். பிறகு மெதுவாக, ஜெபம் போல: "ரத்தக்குழாய்... வாசல்... ஜன்னல் பக்கம். ஜன்னல் பக்கம்."

இசக்கியப்பன் தலையைத் திருப்பினார். வலது பக்கம் வெள்ளைச் சுவர். ஜன்னல் இடது பக்கம் இருந்தது. அதன் வழியாக உப்பளத்து வெயில் கூசியது.

"சார்!" என்று அலறினார். "இது அந்த ஜன்னல் இல்லை சார்! இங்கன ஜன்னல் மாறிக் கெடக்கு! நிறுத்துங்க! ஏளா ஆறுமுகத்தாயி!"

மறைப்புக்கு மேலாக டாக்டரின் கண்கள் தெரிந்தன. அவை ஜன்னலைப் பார்த்தன, இசக்கியப்பனைப் பார்த்தன, மறுபடி ஜன்னலைப் பார்த்தன. நெற்றி வேர்வையை ஜெயசெல்வி துடைத்தார்.

டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்தார். சுட்டு விரலை வாசலுக்குள் விட்டு, விளிம்பைச் சுற்றி மெல்லத் தடவினார். ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. மறுபக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"துடிக்குது" என்றார், யாரிடமும் இல்லாமல். "இங்க துடிக்குது, சிஸ்டர். இதுதான் குழாய்." பிறகு கத்தியை எடுத்து, எதிர்ப் பக்கமாக, மேலும் வெளியுமாக வெட்டினார். அத்தனை வருஷப் படிப்பில் அவர் விரலால் படித்த முதல் பாடம் அது. பாடப் புத்தகமாகக் கிடந்தவருக்கு அதைப் பாராட்டத் தோன்றவில்லை.

குடலின்மேல் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். "நிறம் மாறுதா?" என்று மறைப்புக்கு இப்பாலிருந்து ஓயாமல் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. துணியை எடுத்தபோது, கருவாடாகக் கிடந்தது இறால் நிறத்துக்கு வந்திருந்தது. அதை உள்ளே தள்ளி, சுவர்களை ஒவ்வொன்றாக நைலான் நூலால் தைத்தார்கள். தையல் வேலைதான் டாக்டருக்குக் கை வரவில்லை. திறக்கும்போது பயம் இருந்தது; மூடும்போது சந்தோஷம் வந்துவிட்டது.

இசக்கியப்பன் பிழைத்துக்கொண்டார். அந்த ஏப்ரலில் சாகுபுரம் பக்கத்து வாலிபன் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தான்.

மழைக்காலம் முடிவதற்குள், தழும்பின் ஓரத்தில் மறுபடி ஒரு வீக்கம் தலை காட்டியது. முதலில் அவர் பயந்தார். பிறகு, ரோச்சிடம் ரகசியமாக, "ஒரு தடவை தச்சு மறுபடி வந்தா அதுக்குத் தனிப் பேருலே. அதைப் பெரிய படிப்புக்காரனுக்குத்தான் பரீட்சையில காட்டுவான்" என்றார்.

"எல! செத்துப் பிழைச்சும் இந்த ஆளு பிரமோஷன் கேக்காருடா" என்று காப்பிக் கடை முழுக்கக் கேட்கச் சொன்னான் ரோச்.

செய்தி பரவி, டாக்டர் சுந்தர்சிங் ஸ்கூட்டரில் கிட்டங்கிக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, தயவு பண்ணி அங்க போயிராதீங்க. யாரு ஆபரேஷன் பண்ணுனதுன்னுதான் முதல்ல கேப்பாங்க. நானே மறுபடியும் திறந்து சரி பண்ணிருதேன்."

இசக்கியப்பன் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். "வேண்டாம் சார். உங்க பேரை நான் சொல்லமாட்டேன். ஆனா நீங்க என் வயித்தைத் தொடக் கூடாது."

ஒப்பந்தம் முடிந்தது. ஆறுமுகத்தாய் அதில் சேரவில்லை. மறுநாளே புருஷனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கல்லூரி ஆஸ்பத்திரியில் பேராசிரியர் தழும்பைத் தடவிப் பார்த்தார். பின்னால் மாணவர்கள் கூட்டம். "யாருய்யா இப்படித் தச்சது? எந்த ஊரு டாக்டர்?"

இசக்கியப்பன், "மயக்கத்துல இருந்தேன்யா, ஞாபகம் இல்லை" என்றார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் ஆறுமுகத்தாய். "உங்க பரீட்சையில பாஸான டாக்டருதான்யா. இந்தா படுத்திருக்காரே, இவருதான் பாஸ் போட்டாரு. பேரு வேணும்னா சொல்லுதேன். இன்னும் யாரு யாருக்கெல்லாம் பாஸ் போட்டாருன்னும் சேத்துச் சொல்லட்டுமா?"

மாணவர்களில் இருவர் தரையைப் பார்த்தார்கள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வரும் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "புதன்கிழமை தியேட்டர்ல போடுங்க. நான் பண்ணுறேன்" என்றார்.

புதன்கிழமை. மறுபடி முதுகில் ஊசி, மறுபடி மறைப்பு. தோலைத் திறந்த பேராசிரியர், எதிரே நின்ற மாணவப் பையன் ஒருவனிடம் கேட்டார்: "நான் இப்போ பிடிச்சிருக்கிறது எந்த அடுக்கு?"

பையன் விழித்தான். அவன் நின்ற இடம் இசக்கியப்பனின் தலைக்கு மிகவும் பக்கம். முகமூடிக்கு மேலே கண்கள் நாலா பக்கமும் அலைந்து, கடைசியில் கீழே, இசக்கியப்பனின் முகத்துக்கு வந்து நின்றன. வார்டில் பேசிக்கொள்வதை அவனும் கேள்விப்பட்டிருப்பான் போலும். கெஞ்சுகிற கண்கள்.

பதில் இசக்கியப்பனின் நாக்கு நுனியில் இருந்தது. பாக்கெட் முதற்கொண்டு இருந்தது.

அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு, விளக்கைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"தெரியலைன்னா கையை விட்டுத் தொட்டுப் பாருடா" என்றார் பேராசிரியர்.

பையன் தொட்டான். இசக்கியப்பனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது.